நயாகராவைக் கடக்காதவர்களும் எங்கள் பாலமும்

நான் எழுதுவதை முதலில் வாசிப்பவர் எப்போதும் ஒருவர்தான். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கும் என் நண்பர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கட்டுரை கைக்குக் கிடைத்த மூன்றாம் நாள் பென்சில் குறிகளோடு திருப்பித் தருவார். கடைசித் தாளின் அடியில், பள்ளிக்கூடப் பழக்கம் விடாமல், பத்துக்கு இத்தனை என்று புள்ளியும் போட்டிருப்பார். இத்தனை வருடங்களில் நான் வாங்கிய ஆகக்கூடிய புள்ளி எட்டரை. மிச்ச ஒன்றரை எங்கே போனது என்று கேட்டால், "அது உன்ட தலைக்கனத்துக்குக் கழிச்சது, மச்சான்" என்பார்.

போன வருடம் ஒரு கட்டுரைக்கு அவர் புள்ளி போடவில்லை. ஐம்பது வருடச் சிநேகிதம் அதோடு என் கையை விட்டுப் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு, அவர் போட்ட நிபந்தனைகளோடு.

ஓய்வுபெறும்வரை என் உத்தியோகம் துறைமுகத்தில் கப்பல் பதிவேடு எழுதுவது. வந்த நாள், வந்த நேரம், நங்கூரம் போட்ட இடம், காற்றின் திசை, புறப்பட்ட நேரம். முப்பது வருடம் இதையே எழுதியவனுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. வீட்டுக் கொப்பிகளில் மழை பெய்த நாள், தெருவில் முதன்முதல் மின்விளக்கு எரிந்த நாள், பக்கத்து வீட்டு மாமரம் விழுந்த நாள் எல்லாம் இருக்கின்றன. தேதி இல்லாத சம்பவம் என் கொப்பியில் ஏறாது. எனக்குக் கலியாணம் நடக்காததற்கும் தேதி பிடிபடாததுதான் காரணம் என்று நண்பர் ஊர் முழுவதும் சொல்லி வைத்திருக்கிறார்.

குடாவின் வடகரையில், நான் வசிக்கும் துறைமுக நகரத்தில், எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டு பிழை பிடிப்பார்கள். என் முறை வந்தபோது, பிரித்தானியாவோடு நடந்த தொடக்கப் போர்களில் வட அமெரிக்க ஊர்ப்படைகள் என்ற தலைப்பை எடுத்தேன். ஏன் இவ்வளவு தூரம் போகிறாய் என்று சிலர் கேட்டார்கள். தூரம் இல்லை என்றேன். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் எங்கள் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுக்காரர் அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். அமெரிக்காவில் மூண்ட சண்டையின் ஒரு பொறிதான் அது. ஒரே வருடத்தில் கோட்டையில் மூன்று கொடிகள் பறந்தன. கீழே மீன் பிடித்துக்கொண்டிருந்தவன் எந்தக் கொடிக்கு விசுவாசமாக இருந்தான் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் புத்தகங்களைத் திறந்தேன்.

ஊர்ப்படை என்றால் சம்பளப் பட்டாளம் இல்லை. கமக்காரன், கொல்லன், கடைக்காரன். கூப்பிட்டால் துவக்கோடு வரவேண்டியவன். அந்தப் போர்களில் இவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 1776 இன் கடைசியில் நியூ ஜெர்சியில் ஆங்கிலப் படை வந்தபோது, அங்குள்ளவர்கள் அரசனுக்கு விசுவாசம் என்று ஒப்புக்கொண்டு ஒரு பாதுகாப்புக் கடிதத் துண்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்கப் படை திரும்பி வந்து, அந்தத் துண்டைத் தந்துவிட்டு இந்தப் பக்கம் சத்தியம் செய் என்றது. 1780 இல் தெற்கே ஒரு மலையில் நடந்த சண்டையில் இரு பக்கத்திலும் ஏறக்குறைய எல்லாருமே அந்த மண்ணின் ஆட்கள். சீருடை இல்லை. அரசன் பக்கம் நின்றவர்கள் தொப்பியில் பைன் மரக் கொப்பு குத்தியிருந்தார்கள்; மற்றவர்கள் வெள்ளைக் கடதாசி. ஆளை ஆள் அடையாளம் காண அவ்வளவுதான்.

என் கட்டுரையின் பெரும்பகுதி 1812 ஒக்டோபர் பதின்மூன்றாம் தேதியைப் பற்றியது. அன்று விடிய முன்னரே அமெரிக்கர் நயாகரா ஆற்றைக் கடந்து, கனடாப் பக்கம் குயின்ஸ்டன் என்ற ஊரின் மேட்டைப் பிடித்தார்கள். பின்னால் வர வேண்டிய நியூயோர்க் ஊர்ப்படையினர் இக்கரையில், லூயிஸ்டனில், வரிசையாக நின்றார்கள். அக்கரையிலிருந்து வள்ளங்கள் காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. அங்கிருந்து போர்க்குரல் கேட்டது. அவர்கள் வள்ளத்தில் ஏறமாட்டோம் என்றார்கள். நாங்கள் எங்கள் மண்ணைக் காக்கச் சேர்ந்தவர்கள், எல்லை கடந்து போகச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தாது என்றார்கள். மேட்டில் நின்றவர்கள் பின்னேரம் சரணடைந்தார்கள். எதிர்க்கரை ஊர்ப்படையிலும் பலர் அமெரிக்காவில் பிறந்து சில வருடங்களுக்கு முன் காணி தேடி வந்தவர்கள். அவர்களுடைய அதிகாரிகளே அவர்களை முழுதாக நம்பவில்லை. இரு கரையிலும் சொந்தக்காரர். சந்தையும் சம்பந்தமும் போரைக் கேட்டு நடப்பவை இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு, கரையில் நின்றவர்களைப் பற்றி இப்படி முடித்திருந்தேன்: "சட்டம் வெறும் சாக்கு. அவர்கள் கோழைகள்." எழுதும்போது அந்த இரண்டு வசனமும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

கட்டுரையை ஒரு வியாழக்கிழமை நண்பரிடம் கொடுத்தேன். அவர் வியாழக்கிழமைகளில் கிண்ணியா வழியாகப் பஸ்ஸில் நகரத்துக்கு வருவார். மருந்து எடுப்பார், உட்துறைமுக வீதியில் என்னோடு ஒரு நடை நடப்பார், பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணீர். வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா அவரை மாஸ்டர் என்பா. ஆனால் அவர் வந்தால் எனக்கு வைக்கும் பெரிய கோப்பை அவருக்குப் போய்விடும்.

மூன்றாம் நாள் கட்டுரை வரவில்லை. அடுத்த வியாழன் ஆளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பஸ் கொண்டக்டர் வீட்டு வாசலில் உறை ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே என் கட்டுரை. நியூ ஜெர்சித் துண்டுக் கதைக்குப் பக்கத்தில் ஒரு சரி. 'கோழைகள்' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு. அடியில் புள்ளி இல்லை.

தொலைபேசியில் கூப்பிட்டேன். வயலில் நிற்பதாகச் சொன்னார். மறுநாளும் வயல்தான். அவருக்கு வயல் இருப்பது உண்மை. ஆனால் அதைக் குத்தகைக்கு விட்டு எட்டு வருடமாகிறது. தேதி என் கொப்பியில் இருக்கிறது.

அதற்கடுத்த புதன்கிழமை அக்காவின் பொங்கல். இதை விளக்கவேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் அந்தப் பானையில்தான் இருக்கிறது.

நண்பரின் ஊரும் எங்கள் ஊரும் தென்கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவில் ஒரு களப்பு, அதன்மேல் ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப்பக்கம் முஸ்லிம்கள், இந்தப்பக்கம் நாங்கள். இருவரும் உயர்தர வகுப்புப் படிக்க நகரத்துக்கு வந்தோம். ஞாயிறு பின்னேரம் மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் படகு ஏறினால் குடாவைக் கடந்து நகரம். அக்கா கட்டித்தரும் சோற்றுப் பொட்டலத்தில் எப்போதும் இரண்டு பேருக்கு இருக்கும். கடல் கொந்தளித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவர் இரண்டு பங்கையும் முடித்துவிட்டு எனக்காகக் கவலைப்படுவார்.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒரு நாள். நான் நகரத்தில் வேலையில் இருந்தேன்; அம்மாவும் அக்காவும் ஊரில். அந்தக் கிழமை பாலத்துக்கு அப்பால் ஆட்கள் செத்திருந்தார்கள். பழிவாங்க அங்கிருந்து ஆயுதத்தோடு கடந்து வரப்போகிறார்கள் என்று கதை பரவியது. அம்மாவும் அக்காவும் அயலவர்களும் விடிய முன்னரே களப்போரக் கண்டல் பற்றைக்குள் போய் இடுப்பளவு சேற்றில் ஒளிந்தார்கள். பகல் முழுவதும் இருந்தார்கள். பாலத்தின் அந்தத் தலைப்பில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. சத்தம் கேட்டது. பிறகு சத்தம் குறைந்தது. ஒருவரும் வரவில்லை. இருட்டுப்பட வீட்டுக்குத் திரும்பியபோது, காலையில் அம்மாள் கோயிலில் யாரோ கொளுத்தி வைத்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததாம். அந்த இடத்திலேயே அம்மா நேர்த்தி வைத்தா. ஒவ்வொரு வருடமும் அதே மாதத்து வளர்பிறைச் சதுர்த்தியில் அம்மாளுக்குச் சர்க்கரைப் பொங்கல்.

அம்மா போனபிறகு அக்கா தொடர்ந்தா. இரண்டாயிரத்து ஆறில் ஊரே எழும்பி ஓடியபோது முகாமில், பால்மா டின்னில் பொங்கினா. இப்போது நகரத்து வீட்டின் பின்வளவில், தென்கரையைப் பார்க்க அடுப்பு வைத்துப் பொங்குகிறா. நண்பர் ஒவ்வொரு வருடமும் வருவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. முஸ்லிம் சிநேகிதர் உள்ள வீடுகளில் பொங்கினால், படைப்பதற்கு முன்னரே ஒரு பங்கை வேறு சட்டியில் எடுத்து மூடி வைத்துவிடுவார்கள். படைத்ததை அவர்கள் சாப்பிடமாட்டார்கள். படைக்காதது வெறும் பொங்கல். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சட்டி தானாக வரும், மூடி தானாக ஏறும். நண்பருக்குச் சீனி வியாதி வந்த பிறகு அக்கா அந்தச் சட்டிக்குச் சர்க்கரையைக் குறைத்து, பயறைக் கூட்டிவிட்டா.

அந்தப் புதன்கிழமை நண்பர் வரவில்லை. சட்டி மூடியபடியே இருந்தது. அக்கா இரண்டு தரம் படலையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தா.

"நீ அவருக்கு என்ன சொன்னனீ?" என்றா.

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். எழுதியதைச் சொல்லவில்லை.

"அப்ப ஏதோ எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, பொங்கலை அடுக்குச்சட்டியில் போட்டு என் கையில் தந்தா. "பஸ் இருக்கு. ஆறமுதல் கொண்டுபோய்க் குடு."

பஸ் கப்பல்துறையைத் தாண்டும்வரை எனக்கு அவர்மேல் கோபம். வட அமெரிக்காவைப் பற்றி எழுதினால் இவருக்கு என்ன? கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது கோபம் பயமாக மாறிவிட்டது. எனக்கு வயது அறுபத்தெட்டு. அவரைப் போல இன்னொருவரைத் தேடிப் பிடிக்க இனிக் காலம் கிடையாது. மடியில் அடுக்குச்சட்டி சுட்டது. தள்ளி வைக்க மனம் வரவில்லை.

நண்பர் தன் ஊர்ச் சந்தியில், தேத்தண்ணீர்க் கடை வாசலில் நின்றபடி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊரில் அவர் எந்தக் கடையிலும் கதிரையில் இருந்து குடித்து நான் கண்டதில்லை. மூலவியாதி என்றுதான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் கடைக்குள் இருந்த, எங்கள் வயதுக்காரர் ஒருவர் உரத்துச் சொன்னார்:

"மாஸ்டருக்கும் கூட்டாளிக்கும் கதிரை போடுங்கடா. மாஸ்டர் குந்துறதுல கெட்டிக்காரர்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இந்தப் பகிடியை முன்பும் கேட்டிருக்கிறேன். வகுப்பில் கதிரையை விட்டு எழும்பாத வாத்தியார் என்பதாக்கும் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று நண்பர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். பாலத்தடிக்குப் போனார்.

பாலம் இப்போது புதியது. அதன் அந்தத் தலைப்பில் ஒரு வேப்பமரமும் ஒரு சீமெந்துக் கட்டும் இருக்கின்றன. அவர் அந்தக் கட்டின்மேல் இருந்தார். நான் அடுக்குச்சட்டியை நடுவில் வைத்துவிட்டு இருந்தேன். பிறகு அவர் கேட்டார்.

"மச்சான், நீ எந்தக் கரையில நிண்டு அத எழுதின?"

நான் புத்தகங்களின் பெயர்களைச் சொன்னேன். அதெல்லாம் தளபதிமார் எழுதினது, இல்லாட்டி தளபதிமாரை வாசித்தவர்கள் எழுதினது என்றார். கரையில் நின்றவன் ஒருத்தன் எழுதின கடுதாசி ஒன்றாவது பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை.

பிறகு சொன்னார். எங்கள் ஊரார் ஒளிந்திருந்த அதே நாள் காலையில் அவர் இந்தப் பாலத்தடியில் நின்றிருக்கிறார், கையில் துவக்கோடு. அந்தக் காலத்தில் அரசாங்கத்தில் ஊர்காவலுக்கென்று ஆட்களைச் சேர்த்து ஆளுக்கொரு சொட்கன் கொடுத்திருந்தார்கள். சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அது எனக்குத் தெரியும். என்னிடம் அவர் ஒளித்ததில்லை, நானும் அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எங்களுடைய குடும்பத்திலும் பெடியளோடு, அதாவது இயக்கத்தோடு, போனவர்கள் இருந்தார்கள். அதைப்பற்றி அவரும் பேசியதில்லை. அப்படித்தான் சிநேகிதம் நிலைத்தது.

செத்தவர்களில் ஒருவர் அவருடைய மாமி மகன். ஆட்கள் கொதித்துப்போய் நின்றார்கள். பாலத்தைக் கடந்து போவது என்று முடிவாகிவிட்டது. யார் முடிவெடுத்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. துவக்கு வைத்திருந்தவர்கள் முன்னுக்குப் போகவேண்டும் என்றார்கள். இவர் தன் சேர்ப்புக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாசித்தாராம். அதில் தன் ஊரைக் காவல் செய்ய என்றுதான் இருக்கிறது, பாலத்துக்கு அப்பால் என் ஊர் இல்லை என்றாராம். கணித வாத்தியார் அல்லவா. வாசித்துவிட்டு, போகும் வழியை மறித்து நிலத்தில் குந்திவிட்டார். இன்னும் நாலு பேர் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். துவக்கு இல்லாமல் மற்றவர்கள் போகவில்லை. ஏச்சு, செருப்படி, எல்லாம் நடந்தது. பின்னேரம் வரை இருந்தார்கள். அவ்வளவுதான்.

"மாமி மரிக்கும் வரைக்கும் என்னோட கதைக்கல்ல" என்றார். "அதுதான் அந்தக் கதிரப் பகிடி. உனக்கு விளங்காததும் நல்லதுதான்."

எங்கள் வீட்டுக்காகத்தானா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு பெரிய பதிலுக்காக நான் கையை நீட்டிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அவர் களப்பைப் பார்த்துச் சொன்னார். "அக்காட சோறு ஞாபகத்துக்கு வந்திச்சி. ஓம். ஆனா பயமும் இரிந்திச்சி, மச்சான். அந்தப்பக்கம் பெடியள் இரிப்பானுகள் எண்டு பயம். எது எவ்வளவு எண்டு எனக்கே இன்னும் தெரியா. பயத்த வெட்டிப்போட்டு என்ன நல்லவனா எழுதாத. அதும் பொய். கோழ எண்டு எழுதினயே, அதப்போல பொய்."

அதற்குப் பிறகு அடுக்குச்சட்டியைத் திறந்தார். மணத்திலேயே எந்த நாள் என்று தெரிந்திருக்கும். விரலால் எடுத்துச் சாப்பிட்டார். சர்க்கரை காணாது என்றார். பாதி முடிந்ததும்தான் எனக்கு உறைத்தது.

இந்தப் பொங்கல் எதற்கு என்று உனக்குத் தெரியுமா என்றேன்.

முதல் வருடம் தெரியாமல் சாப்பிட்டாராம். இரண்டாம் வருடம் அக்காவே முழுக் கதையும் சொல்லி, அம்மாள்தான் அவர்களுடைய காலைக் கட்டிப்போட்டா என்று கண்ணைத் துடைத்தாவாம். "நான் என்னத்தச் சொல்ற? கட்டினது அம்மாள் இல்ல, நான்தான் குந்தினன் எண்டு சொல்லேலுமா? வாயில பொங்கல் வேற." அடுத்த வருடம் சொல்லலாம் என்று விட்டிருக்கிறார். அடுத்த வருடம் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. பிறகு முப்பதுக்கு மேற்பட்ட வருடங்கள். தன்னுடைய குந்தலுக்கான நன்றியை வருடாவருடம் வந்து இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுசன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்குப் புரைக்கேறி, நான் முதுகில் தட்டவேண்டி வந்தது.

என் பழக்கம் போகாதே. இரண்டும் ஒரே நாள்தானா என்று எனக்கு நிச்சயம் தேவைப்பட்டது. அவருக்கு ஆங்கிலத் தேதி ஞாபகமில்லை. மூன்றாம் பிறை என்றார். அன்று மஃரிபு, பொழுதுபட்ட தொழுகைக்குப் பாலத்தடியிலிருந்து எழும்பியபோது பிறை மெல்லியதாக நின்றதை எண்ணிப் பார்த்தாராம். அமாவாசைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ பிறை கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து மூன்று எண்ணினால் எங்கள் திருதியை அல்லது சதுர்த்தி. அவருடைய மாதமும் எங்களுடைய மாதமும் வருடத்துக்கு வருடம் விலகிக்கொண்டே போகும். பிறை மட்டும் விலகுவதில்லை. வீட்டுக்கு வந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்த நாளுக்குரிய என் கொப்பியையும் எடுத்தேன். கப்பல்கள் வந்த நேரமும் காற்றின் திசையும் இருந்தன. வேறொன்றும் இல்லை. என் அம்மா இடுப்பளவு சேற்றில் நின்ற நாளில், என் நண்பன் செருப்படி வாங்கிக்கொண்டிருந்த நாளில், நான் மிகச் சரியாகக் காற்றின் திசையைப் பதிந்திருந்தேன்.

பாலத்தடியில் அவர் மூன்று நிபந்தனை போட்டார். எழுதினால் பெயர் வரக்கூடாது. அவரோடு இருந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் அதே தெருவில் வாழ்கிறார்கள். தேதி வந்தால் ஆட்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே தேதியும் வரக்கூடாது. மூன்றாவது, அக்காவுக்குச் சொல்வதாக இருந்தால் அவரே சொல்வார்.

கட்டுரையின் அந்தப் பகுதியைத் திருப்பி எழுதினேன். லூயிஸ்டன் கரையில் நின்றவர்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்றே எழுதினேன். சிலர் பயந்திருக்கலாம். சிலருக்கு எதிரே தெரிந்த கூரைகளுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கலாம். பலருக்கு இரண்டும் இருந்திருக்கலாம். அவர்கள் வராததால் மேட்டில் நின்ற தங்கள் ஆட்களே பிடிபட்டார்கள். அந்தப் பாரத்தையும் அவர்கள் வீட்டுக்குச் சுமந்துகொண்டுதான் போயிருப்பார்கள். தங்கள் ஊரில் எந்தக் கடையில் நின்றுகொண்டு குடித்தார்களோ, அதுவும் தெரியாது. கடைசி வசனத்தை மட்டும் பிறகு வெட்டினேன்.

கடைசிச் சனிக்கிழமை வட்டத்தில் வாசித்தேன். நண்பர் பின்வரிசையில் வந்து இருந்தார். கேள்வி நேரத்தில் ஒருவரும் அமெரிக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவர், தன் தகப்பன் ஆமிக்கு ஒன்று, இயக்கத்துக்கு ஒன்று என்று சட்டையின் இரண்டு பைகளிலும் இரண்டு விதமான துண்டு வைத்திருந்ததைச் சொன்னார். எந்தச் சோதனையில் எந்தப் பை என்று தடுமாறி ஒருநாள் மாற்றி எடுத்துவிட்டாராம். நல்லகாலம், பார்த்தவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தோம். பிறகு இன்னொருவர் தொடங்கினார். அன்று வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் கூடப் போனது.

வாசிப்பு முடிந்து நண்பர் என்னோடு வீட்டுக்கு வந்தார். நேரே குசினிக்குப் போய்விட்டார். நான் கூடத்தில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் சொல்லும்போது அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கொஞ்ச நேரத்தில் துருவும் சத்தம் நின்றது. அவர் பயத்தையும் விடாமல் சொன்னார், செருப்பையும் சொன்னார். மாமியைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அம்மாளுக்குப் போகவேண்டிய பெயரைத் தான் எடுக்க வரவில்லை, இவ்வளவு காலமும் சொல்லாமல் சாப்பிட்டதுதான் மனதுக்குச் சரியாக இல்லை என்றார்.

அக்காவுக்கு எழுபத்தைந்து வயது. அந்த நாளை அவ தினமும் நினைக்கிறா என்று எனக்குத் தெரியும். தன் ஆயுளில் பாதியை ஒரு பானையோடு சேர்த்துக் கட்டியிருந்தா. அது இப்போது அவிழ்ந்துவிடுமோ என்று நான் பத்திரிகைக்குப் பின்னால் பயந்துகொண்டிருந்தேன்.

"உங்களுக்கு நான் எப்ப எடுத்து வைக்கிறனான், மாஸ்டர்?" என்றா கடைசியில்.

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"படைக்க முதல்தானே எடுத்து வைக்கிறனான். எல்லா வருசமும் உங்களுக்குத்தான் முதல் பங்கு. பிறகுதான் அம்மாளுக்கு." துருவும் சத்தம் திரும்பத் தொடங்கியது. "அவ ஒரு வருசமும் கோவிச்சுக்கொள்ளேல்லை. அப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கு."

நண்பர் கூடத்துக்கு வந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு என் எதிரே கதிரையில் இருந்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, மேசையில் கிடந்த கட்டுரையின் கடைசித் தாளைத் திருப்பி, புள்ளி போட்டார். எட்டேமுக்கால். கால் புள்ளி ஏன் கூடியது என்று கேட்டேன். அந்தப் பாலத்தடி நாளின் தேதியை எழுதாமல் விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியுமாம்.